ஒரு நாற்காலியும் ஒன்பது உறுப்பினர்களும்

ஒரு நாற்காலியைப் பதினாறு அடி நகர்த்துவது எவ்வளவு மகத்தான காரியம் என்பதை உலகம் இன்னும் சரியாக உணரவில்லை. மலையைக் குடைந்து பாதை போட்டவனுக்குப் பதக்கம் கொடுக்கிறார்கள். கடலுக்கு அடியில் கம்பி இழுத்தவனைப் பாடப்புத்தகத்தில் போடுகிறார்கள். நான்காம் வகுப்பு 'பி' பிரிவில், கடைசி வரிசை ஜன்னலோரத்திலிருந்து முதல் வரிசைக்கு ஒரு மர நாற்காலியைக் கொண்டுவர ஏழு மாதம் அயராது உழைத்த ஒன்பது பேரைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. நன்றி கெட்ட உலகம். அந்தக் குறையைப் போக்கவே இந்த வரலாறு எழுதப்படுகிறது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், சரியாகச் சொன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியவள், ஒன்பது வயதுச் சிறுமி. வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். அப்பா தொலைதூர லாரி ஓட்டுபவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார், மற்ற நாள் போனில் இருப்பார். அம்மா ஒரு ரெடிமேட் துணிக்கடையின் பின்னறையில் தையல் மெஷினோடு உட்கார்ந்து, வாங்கியவர்களின் உயரத்துக்குப் பேன்ட்டுகளைக் குறைத்துக் கொடுப்பவள். கழுத்தில் டேப், காதில் பென்சில், வாயில் குண்டூசி. குண்டூசியை வாயில் வைத்துப் பழகியவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். அதனால் அவளைச் சாது என்று நிறையப் பேர் நினைத்துவிட்டார்கள்.

பம்பரம் ஒரு பக்கம் கணக்கு எழுத ஆரம்பித்தால் மூன்றாவது வரியில் எழுந்துவிடுவாள். பாதி வாக்கியத்தில் வேறு கதை தொடங்குவாள். பென்சில், ரப்பர், ஒரு கால் செருப்பு எல்லாம் வாரம் ஒரு முறை காணாமல் போகும். வளர்ப்பு சரியில்லை என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நான்கு வருஷம் அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். பிறகு குழந்தைகள் நல மருத்துவமனையில் ஒரு மருத்துவர் மூன்று தடவை வரச் சொல்லிப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர், கவனம் ஓரிடத்தில் நிற்காமல் ஓடும் தன்மை என்றார்.

"திமிரும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல, உங்க வளர்ப்புலயும் கோளாறு இல்ல. ஜன்னலுக்கு வெளியில கேக்கற சத்தமும் டீச்சர் குரலும் அவளுக்கு ஒரே அளவுல கேக்குது. எதை விடறது, எதைப் பிடிக்கறதுன்னு தெரியல, அவ்வளவுதான்."

அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். துக்கத்தில் இல்லை. நான்கு வருஷமாகத் தலையில் சுமந்த பழியை ஒருத்தர் கை கொடுத்து இறக்கி வைத்தாரே, அந்த அழுகை.

மருத்துவர் ஒரு சின்னச் சீட்டில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். முதல் வரிசையில், டீச்சர் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கவும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லவும், முடித்தால் பாராட்டவும். அரை மணிக்கு ஒரு தரம் இரண்டு நிமிடம் எழுந்து நடக்க விடவும்.

மறுநாள் காலை அம்மா சீட்டை வகுப்பு டீச்சரிடம் நீட்டினாள். டீச்சர் படித்துவிட்டு, இவ்வளவுதானா, இதற்கா இப்படிப் பயந்துகொண்டு வந்தீர்கள் என்று கேட்டார். முதல் வரிசையில் ஒரு மேஜை, நாற்காலி மட்டும் இல்லாமல், சும்மாதான் கிடந்தது. டீச்சர் நேராகக் கடைசி வரிசைக்குப் போய்ப் பம்பரத்தின் நாற்காலி முதுகைப் பிடித்து இழுத்தார். நாற்காலி கிறீச்சென்று ஓர் அடி நகர்ந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் வராந்தாவில் வந்தார். நல்ல வேளை. ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்துபோயிருக்கும், நமக்கும் வரலாறு கிடைத்திருக்காது.

தலைமையாசிரியர் தொலைநோக்கு உள்ளவர். சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பரிந்துரை மருத்துவமனையுடையது, நாற்காலி பள்ளியுடையது. ஒருவர் சொல்லி இன்னொருவர் நாற்காலி நகர்ந்தால் நாளைக்கு யார் பதில் சொல்வது? அவர் டீச்சரிடம் கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில், பின்னாளில் பள்ளி வாசலில் பலகையாகத் தொங்கப்போகும் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"ஒருங்கிணைக்கப்படாத உதவி உதவியே இல்லை டீச்சர்."

நாற்காலி ஓர் அடி பின்னால் போனது. குழு பிறந்தது.

குழுவின் முழுப்பெயர் 'பள்ளி மற்றும் மருத்துவமனை இணைந்த குழந்தை ஆதரவு ஒருங்கிணைப்புக் குழு'. பள்ளித் தரப்பில் நால்வர்: தலைமையாசிரியர், அலுவலக மேலாளர், நூலகர், விளையாட்டு ஆசிரியர். மருத்துவமனைத் தரப்பிலும் நால்வர்: நிர்வாக அதிகாரி, பதிவேட்டு அதிகாரி, மக்கள் தொடர்பு அதிகாரி, கட்டடப் பராமரிப்பு அதிகாரி. இந்த நால்வரில் ஒருவர்கூட வாழ்நாளில் யாருக்கும் ஊசி போட்டதில்லை என்பதால் பாரபட்சத்துக்கு இடமில்லை. ஒன்பதாவது ஆள் ஒருங்கிணைப்பாளர், கழுத்தில் அட்டை தொங்கும் இளம்பெண். இரண்டு தரப்புக்கும் பொதுவானவர் ஆகையால் இரண்டு இடத்திலும் அவருக்கு மேஜை கிடையாது.

வகுப்பு டீச்சரையும் மருத்துவரையும் சேர்க்கவில்லை. இருவரும் குழந்தையை நேரில் பார்த்தவர்கள், நடுநிலை கெட்டுவிடும். அம்மாவுக்குச் 'சிறப்பு அழைப்பாளர்' என்ற கௌரவம். கூட்டத்துக்கு வரலாம், கதவோரம் உட்காரலாம், கேட்டால் பேசலாம். பம்பரம் மட்டும் கூட்ட அறைப் பக்கமே வரக்கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். குழந்தைகள் இருந்தால் உறுப்பினர்களின் கவனம் சிதறும்.

மாதம் ஒரு கூட்டம். முதல் கூட்டத்தில் குழுவின் பெயரில் பள்ளி முன்னால் வருவதா, மருத்துவமனை முன்னால் வருவதா என்று விவாதித்தார்கள். இரண்டாவது கூட்டம் குழுவின் சின்னத்துக்கு. குழந்தையின் தலையில் ஸ்டெதாஸ்கோப் வைத்த படம் ஒன்று வந்தது. குழந்தை சிரிக்க வேண்டுமா, சிந்திக்க வேண்டுமா என்பதில் ஓட்டெடுப்பு நாலுக்கு நாலு என்று சமமாகிவிட்டது; ஒருங்கிணைப்பாளருக்கு ஓட்டும் கிடையாது. மூன்றாவது கூட்டம் தூரத்தைப் பற்றியது. நாற்காலி எத்தனை அடி நகர வேண்டும் என்று தெரியாமல் எப்படி ஒப்புதல் கொடுப்பது? அம்மா கழுத்திலிருந்த டேப்பை உருவிக்கொண்டு கீழே போய் அளந்து வந்து, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அங்குலம், சரியாகப் பதினாறு அடி என்றாள். தையல்காரரின் அளவு துணிக்குப் பொருந்தும், தரைக்குப் பொருந்துமா என்று பராமரிப்பு அதிகாரி ஐயம் கிளப்பினார். நடவடிக்கைக் குறிப்பில் 'தூரம் பரிசீலனையில் உள்ளது' என்று ஏறியது.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் அம்மா கடையில் அரை நாள் அனுமதி கேட்டு வந்தாள். அவள் திரும்பிப் போகும்போது மெஷின் பக்கத்தில் பேன்ட்டுகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருக்கும். ஒருநாள் கடை மேற்பார்வையாளர், "என்னக்கா, இன்னும் ஒரு நாற்காலிக்கா அலையறீங்க?" என்று கேட்டான். அவள் வாயில் குண்டூசி இருந்தது நல்லதாகப் போயிற்று.

இதற்கிடையில் பள்ளி நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. அங்கே சிவப்புச் சீட்டு என்றொரு முறை உண்டு. வகுப்பில் ஒழுங்கு குலைத்தால் ஒரு சீட்டு; ஒரே ஆண்டில் மூன்று சேர்ந்தால், 'குழந்தையின் நலன் கருதி' வீட்டிலிருந்தே படிக்க அனுப்பிவிடுவார்கள். ஜன்னலுக்கு எதிரே தெருவில் ஒரு வெல்டிங் கடை. மூன்றாவது கூட்டம் நடந்த வாரத்தில், சிதறும் நெருப்புப் பொறியைப் பார்க்கப் பம்பரம் பாடத்தின் நடுவில் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் சீட்டு. நகர்த்த வேண்டிய நாற்காலியை நகர்த்தாமல் வைத்துக்கொண்டு அதில் உட்காரவில்லை என்று சீட்டு கொடுப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான்காவது கூட்டத்தில் குழு முதன்முறையாக விஷயத்துக்கு வந்தது. பள்ளி தன் ஒப்புதல் படிவத்தைக் கொடுக்க மருத்துவமனையின் படிவம் வேண்டும். மருத்துவமனை தன் படிவத்தைக் கொடுக்கப் பள்ளியின் படிவம் வேண்டும். யார் முதலில் கொடுப்பது? இருவரும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடலாம் என்று நூலகர் அருமையான யோசனை சொன்னார். ஐந்தாவது கூட்டத்தில் இரண்டு உறைகள் அரக்கு வைத்து மேஜைக்கு வந்தன. ஒன்றின் மேல் 'மருத்துவமனையின் உறையைத் திறந்த பின் திறக்கவும்' என்று எழுதியிருந்தது. மற்றதன் மேல் 'பள்ளியின் உறையைத் திறந்த பின் திறக்கவும்' என்று எழுதியிருந்தது. இரண்டையும் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கின்றன. அவ்வளவு காலம் ஆடாமல் அசையாமல் ஓரிடத்தில் இருப்பது எப்படி என்று எந்தக் குழந்தையும் அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

முட்டுக்கட்டையை உடைக்க மூன்றாவது படிவம் ஒன்று தேவை என்று முடிவாயிற்று. குழந்தை நடந்துகொள்ளும் விதத்தைக் கவனித்துப் பெற்றோர் நிரப்பும் கூர்நோக்குப் படிவம், பதினெட்டுக் கேள்விகள். அது மருத்துவரிடம் போகும். அவர் அதைப் படித்து அறிக்கை எழுதுவார். அறிக்கை வந்துவிட்டால் குழு உறைகளைப் பற்றிக் கவலைப்படாமல் செயலில் இறங்கலாம். ஆக, நாற்காலி இனி அம்மாவின் கையில்.

அவள் அன்று மாலையே படிவத்தை நிரப்பி மறுநாள் கொடுத்தாள். நடந்ததை நினைவிலிருந்து எழுதியிருக்கிறீர்கள், கண்முன் நடப்பதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். ஒரு வாரம் மகள் பின்னாலேயே பென்சிலோடு அலைந்து மறுபடி நிரப்பினாள். வீடு அங்கீகரிக்கப்பட்ட இடமில்லை என்று அதையும் திருப்பிவிட்டார்கள்.

அந்த வாரம்தான் இரண்டாவது சிவப்புச் சீட்டு வந்தது. டீச்சருக்குக் காய்ச்சல், வேறு ஆசிரியர் வகுப்பெடுத்தார். அவர் கேள்வியை முடிப்பதற்குள் பம்பரம் பதில் சொல்லிவிட்டாள். சரியான பதில்தான், அது வேறு விஷயம். சீட்டை அவள் சாக்ஸுக்குள் மடித்து வைத்திருந்தாள். சாயங்காலம் ஷூவைக் கழற்றும்போது அம்மா பார்த்துவிட்டாள்.

"மூணாவது வந்தா என்னை அனுப்பிருவாங்களாம்மா?"

"அதுக்குள்ள நாற்காலி வந்துரும், கண்ணு."

"இப்ப எங்க வரைக்கும் வந்திருக்கு?"

அம்மா ஷூவைச் சுவரோரம் வைத்தாள். வந்துகொண்டே இருக்கிறது என்றாள்.

"நான் வேணா தள்ளிட்டு வந்துரட்டுமா? பத்து எண்றதுக்குள்ள வந்துருவேன்."

"வேண்டாம்டி. பெரியவங்க பாத்துக்கிட்டிருக்காங்க."

சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடம் பிடிக்காத குழந்தை என்றால்கூட மனது ஆறும். இவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறவள்.

ஆறாவது கூட்டத்துக்கு முன் ஒருங்கிணைப்பாளரிடம் அவள் பணிவாகக் கேட்டாள். படிவத்தை எங்கே வைத்துத்தான் நிரப்புவது? ஒருங்கிணைப்பாளர் விதிகளைப் புரட்டினார். பள்ளி வளாகத்தில், குழுவின் முன்னிலையில், கூட்டம் நடக்கும்போதே நிரப்ப வேண்டும். அப்படியானால் மகளை அழைத்து வரலாமா? கூடாது, குழந்தைகளுக்கு அனுமதியில்லை. மகள் இல்லாமல் மகளை எப்படிப் பார்த்து எழுதுவது?

"ரொம்ப யோசிக்காதீங்க மேடம். கண்ணு முன்னாடி என்ன நடக்குதோ அதை மட்டும் டிக் பண்ணுங்க. கூடுதலாவும் வேண்டாம், குறைச்சலாவும் வேண்டாம்."

அம்மா கதவோரம் உட்கார்ந்தாள். காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். அளவு எடுக்கிறவள் கண் பொய் சொல்லாது. கண்முன் நடப்பதைப் பார்க்கத் தொடங்கினாள்.

உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில் எழுந்து போகிறாரா? தலைமையாசிரியர் முதல் அரை மணியில் ஆறு தரம் எழுந்து போனார். 'மிக அடிக்கடி' என்று டிக் போட்டு, ஓரத்தில் யார், எத்தனை தரம் என்று பொடி எழுத்தில் எழுதினாள்; மற்ற கேள்விகளுக்கும் அப்படியே பார்த்ததைக் குறித்தாள். நேரில் பேசும்போது கேட்காததுபோல் தோன்றுகிறாரா? நிர்வாக அதிகாரி போனில் யாருடைய கல்யாண ஆல்பத்தையோ தள்ளிக்கொண்டிருந்தார். கை கால்களை ஆட்டிக்கொண்டே இருக்கிறாரா? விளையாட்டு ஆசிரியர் விசில் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார். தேவையான பொருட்களைத் தொலைக்கிறாரா? இரும்பு அலமாரிச் சாவி போன மாதத்திலிருந்து காணோம்; மேலாளர் மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்கிறாரா? தீர்மானத்தை வாசித்து முடிப்பதற்குள் மக்கள் தொடர்பு அதிகாரி 'ஒப்புதல்' என்றார், இரண்டு தரம். தன் முறைக்குக் காத்திருக்க முடியாமல் தவிக்கிறாரா? அப்போது பிஸ்கட் தட்டு வந்தது. அம்மா தட்டு ஒரு சுற்று போய்வரும் வரை பார்த்துவிட்டு டிக் போட்டாள்.

தொடங்கிய வேலையை முடிக்காமல் விடுகிறாரா என்ற கேள்விக்கு வந்தபோது பென்சில் முனை உடைந்தது. பையிலிருந்த பிளேடால் சீவிக்கொண்டு மறுபடி அழுத்திப் போட்டாள்.

இரண்டே கேள்விகளுக்குத்தான் 'இல்லை' என்று குறித்தாள். மேஜை, ஜன்னல் போன்றவற்றின் மேல் ஏறுகிறாரா? யாரும் ஏறவில்லை. காரணமில்லாமல் ஓடுகிறாரா? ஆறு மாதத்தில் அந்த அறையில் யாரும் காரணத்தோடுகூட ஓடி அவள் பார்த்ததில்லை.

பதினெட்டுக்குப் பதினாறு. ஒருங்கிணைப்பாளர் படிவத்தை வாங்கிக் கையெழுத்து இருக்கிறதா, தேதி இருக்கிறதா, டிக் எதுவும் கட்டத்தைத் தாண்டியிருக்கிறதா என்று மூன்றையும் சரிபார்த்தார். மாதிரிப் படிவம், மற்ற பெற்றோருக்கும் காட்டலாம் என்றார். தலைமையாசிரியர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ரகசியம் காப்பதில் அவர் கறார்.

நான்கு நாள் கழித்து மருத்துவர் கூப்பிட்டார். அவர் அறையில் ஒரு மூலையில் பாதித் துண்டுகள் தொலைந்துபோன பொம்மைப் பெட்டி, வெளியே நாற்பது பேர் வரிசை. படிவத்தை மேஜையில் விரித்து வைத்திருந்தார்.

"அம்மா, இது பாப்பா இல்லையே. பாப்பாவுக்கு எங்கேர்ந்து விசில் வந்துச்சு?"

"கண்ணு முன்னாடி நடக்கறதை மட்டும் எழுதச் சொன்னாங்க டாக்டர். எழுதிட்டேன்."

மருத்துவர் இன்னொரு தரம் படித்தார். பிஸ்கட் தட்டு வந்த இடத்தில் அவரால் அடக்க முடியவில்லை. வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தான் மூன்று வரி எழுதி ஆறு மாதம் ஆகிறது என்பதை அப்போதுதான் தேதியைப் பார்த்து உணர்ந்தார். அந்தச் சீட்டு அன்றைக்கே வேலை செய்திருக்கும் என்று அவர் பாட்டுக்கு நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். முகம் சுருங்கிப்போயிற்று.

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன் என்று அறிக்கையை எடுத்தார். கூர்நோக்கப்பட்டவர்கள், குழு உறுப்பினர்கள் ஒன்பது பேர். நிலை, கடுமை. பரிந்துரை, அதே மூன்று வரி. அமைதியான இடத்தில் சரியான இருக்கை. ஒரு நேரத்தில் ஒரு வேலை, முடித்தால் பாராட்டு. அரை மணிக்கு ஒரு தரம் இரண்டு நிமிட நடை.

"படிச்சா வெக்கம் வரும்மா. வெக்கம் வந்தா நாற்காலி வந்துரும்," என்றார்.

அம்மா அதை முழுசாக நம்பினாள். வெட்கம் என்பது எல்லோரிடமும் கொஞ்சமாவது இருக்கும் என்று நினைக்கிற ஜாதி அவள். கடைக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

ஏழாவது கூட்டத்தில் தலைமையாசிரியர் அறிக்கையை உரக்கப் படித்தார். படிக்கப் படிக்க அறை நிசப்தமானது. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, வெடிக்கப்போகும் நிமிடத்துக்காகக் காத்திருந்தாள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல என் கஷ்டத்தை யாருமே இப்படிப் புரிஞ்சுக்கிட்டதில்ல."

நூலகர் தன்னை வீட்டிலும் யாரும் புரிந்துகொண்டதில்லை என்றார். விளையாட்டு ஆசிரியர் விசிலை மேஜையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அறிக்கை ஒருமனதாக ஏற்கப்பட்டது. உடனடி அமல் என்று தீர்மானம்.

அமல் என்றால் அப்படி ஒரு அமல். மறுநாளே குழுவின் அறை தெருச் சத்தம் கேட்காத பக்கத்துக்கு மாறியது. அன்று காலையிலேயே ஒன்பது மெத்தை நாற்காலிகள் வந்திறங்கின. இரண்டு மாடி ஏற வேண்டும். பணியாளர்கள் ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிட்டார்கள். யாரும் படிவம் கேட்கவில்லை, தூரம் அளக்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் ஒரு நேரத்தில் ஒரு பொருள். அரை மணிக்கு ஒரு தரம் வராந்தாவில் நடை. முடித்த வேலைக்கு ஒரு தங்க நிற நட்சத்திரம், சுவரில் பெயர் வாரியாக அட்டை. பலன் கண்கூடாகத் தெரிந்தது. காணாமல் போன சாவி கிடைத்தது. நூலகர் ஒரே வாரத்தில் மூன்று நட்சத்திரம் வாங்கி, அதைப் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினார்.

நாற்காலிகள் ஏறிய அன்று, மகளின் நாற்காலி நகர்ந்ததா என்று கேட்க வந்த அம்மா படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு என்று ஒன்பதும் அவள் தோளை உரசிக்கொண்டு மேலே போயின. ஒன்பதாவது போனதும் அவளும் பின்னாலேயே ஏறினாள். யாரும் கேட்காமலே பேசினாள்.

"சார், என் பொண்ணு நாற்காலி?"

தலைமையாசிரியர் புதிய இருக்கையில் சாய்ந்து, மெய்யான இரக்கத்தோடு அவளைப் பார்த்தார். அறிக்கை குழுவைப் பற்றியது, மகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லையே என்றார். மகளுக்குப் புதிதாக விண்ணப்பம் கொடுக்கலாம், முதலிலிருந்து தொடங்கலாம், இப்போது குழுவுக்கு நல்ல அனுபவம் வந்துவிட்டது என்றார்.

"அதோட ஒண்ணும்மா. அவளுக்கு மட்டும் சலுகை குடுத்தா, மத்த முப்பத்தெட்டு பிள்ளைங்க மனசு என்ன பாடுபடும், சொல்லுங்க."

அம்மா கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

மதிய உணவு இடைவேளை. நான்காம் வகுப்பு 'பி' பிரிவில் டீச்சர் மட்டும் மேஜையில் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா கடைசி வரிசைக்குப் போனாள். பையிலிருந்து வெட்டுத் துணிகளை எடுத்து, நாற்காலியின் நான்கு கால்களிலும் சுற்றி முடிச்சுப் போட்டாள். கிறீச்சென்று சத்தம் வந்தால் மகளுக்கு ஆகாது. டீச்சர் பார்த்தார். டப்பாவை மூடினார். எழுந்து வந்து மறுபக்கம் பிடித்தார். வழியில் கீழே விழுந்த பென்சில் டப்பாவை எடுத்து வைத்த நேரத்தையும் சேர்த்து நாற்பது நொடி ஆயிற்று. ஏழு மாதமாகக் கல் மேல் கல்லாக வைத்துக் கட்டிய ஒருங்கிணைப்பை இரண்டு பெண்கள் நாற்பது நொடியில் தரைமட்டமாக்கினார்கள்.

அன்று சாயங்காலம் பம்பரம் சாக்ஸுக்குள் எதையும் ஒளிக்கவில்லை. வாசலிலேயே பையைக் கொட்டி ஒரு நோட்டைத் தூக்கிக் காட்டினாள். பன்னிரண்டு கணக்கு, பன்னிரண்டுக்கும் டிக்.

"எல்லாத்தையும் முடிச்சிட்டேன்மா. வெல்டிங் கடைன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு."

அம்மா அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து லாரியில் இருந்த அப்பாவுக்கு அனுப்பினாள். நடுவழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவர் கூப்பிட்டார். பன்னிரண்டு கணக்கையும் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

மறுநாளும் பம்பரம் அங்கேயே உட்கார்ந்தாள். கரும்பலகை துடைக்க இரண்டு தடவை எழுந்தாள், இரண்டு தடவையும் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அன்று நூலகர் நடை இடைவேளையில் வராந்தாவில் போகும்போது வகுப்புக்குள் பார்த்துவிட்டார். கவனம் கூர்மையாகியிருந்த சமயம் அல்லவா, சட்டென்று பிடித்துவிட்டார்.

மூன்றாம் நாள் குழுவின் சிறப்புக் கூட்டம். அப்படியொரு கூட்டத்தை அந்தக் கட்டடம் கண்டதில்லை. நிகழ்ச்சி நிரலில் ஒரே பொருள். யாரும் எழுந்து போகவில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடவில்லை. விசில் கயிறு அசையவில்லை. பிஸ்கட் தட்டை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் தொடங்கி, விவாதித்து, எழுதி, ஒன்பது கையெழுத்தும் போட்டு முடித்துவிட்டார்கள். சுவர் அட்டையில் ஆளுக்கொரு நட்சத்திரம் ஏறியது. டீச்சரிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போயிற்று. ஒரு பணியாளர் கீழே போய் நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு வந்தார். அதற்கு எந்தத் தரப்பின் படிவமும் தேவைப்படவில்லை. கால்களில் துணி சுற்றியிருந்ததால் சத்தமும் வரவில்லை.

அம்மாவைக் கடையிலிருந்து வரவழைத்தார்கள். மாடி வராந்தாவில் குழு கழித்துப் போட்ட பழைய நாற்காலிகள் ஒன்பது அடுக்கிக் கிடந்தன. அவற்றில் ஒன்றில் பம்பரம் பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கு நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இங்கேயும் தப்புப் பண்ணிவிடக் கூடாது என்று காலைக்கூட ஆட்டவில்லை.

உள்ளே தலைமையாசிரியர் மூன்றாவது சிவப்புச் சீட்டை நீட்டினார். அம்மா படித்தாள். 'காரணம்: மாணவி ஒன்றரை நாள் தொடர்ந்து, தனக்கு ஒதுக்கப்படாத இடத்தில், அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.'

கீழே 'பெற்றோர் கருத்து' என்று ஒரு கட்டம் இருந்தது. அது காலியாக இருந்தால் கோப்பை மூட முடியாது, ஏதாவது இரண்டு வரி எழுதுங்கள் மேடம் என்றார் ஒருங்கிணைப்பாளர். அம்மா காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். ஒன்பது மெத்தை நாற்காலிகளையும், அவற்றில் அசையாமல், கவனம் சிதறாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது பேரையும் ஒரு தரம் நிதானமாகப் பார்த்தாள். பிறகு கட்டத்தைத் தாண்டாமல் எழுதினாள்.

'டாக்டர் கொடுத்த மருந்து நல்ல மருந்துதான். நோயாளியைத்தான் வெளியே அனுப்பிவிட்டீர்கள்.'